குழந்தைகளைத் தாக்கும் கருப்பு பூஞ்சை: மருந்து இருக்கே, அப்புறம் ஏன் ஆபரேஷன்?

கருப்பு பூஞ்சையை அரசுக்கு கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக 2021 மே மாதம் தமிழக அரசு அறிவித்தது. அப்போ பேச்சு முழுக்க கொரோனாவில் இருந்து மீண்ட, சர்க்கரை நோய் உள்ள பெரியவர்களைப் பற்றித்தான். ஆனா கொரோனாவுக்கு முன்பிருந்தே இதில் சிக்கும் இன்னொரு தரப்பும் உண்டு. ரத்தப் புற்றுநோய்க்கு கீமோதெரபி எடுக்கும் குழந்தைகள்!

எப்படி வருகிறது?

இந்தப் பூஞ்சைகளின் வித்துகள் நாம எல்லோரும் சுவாசிக்கும் காற்றிலேயே இருக்கின்றன. வெள்ளை அணுக்கள் அவற்றை அழித்துவிடும். கீமோவால் அந்த அணுக்கள் அடியோடு குறையும்போது, பூஞ்சை சைனஸில் வேர்விட்டு ரத்தக் குழாய்க்குள் நுழைந்து அடைத்துக்கொள்கிறது. ரத்தம் போகாத சதை செத்து கருக்கும். அந்த இடத்துக்கு நரம்பு வழியா ஏற்றும் மருந்தும் போய்ச் சேராது. அதனால்தான் செத்த சதையை எண்டோஸ்கோப் மூலம் வெட்டி எடுக்கிறார்கள், சிலருக்கு பல முறை.

குழந்தைகளிடம் என்ன சிக்கல்?

கன்னத்திலும் கண்களுக்கு நடுவிலும் உள்ள சைனஸ்கள் பிறக்கும்போதே இருக்கும். கண்ணைப் பிரிக்கும் எலும்போ காகிதம் போல மெல்லியது. முகம் மரத்துப்போனதை இரண்டு வயதுக் குழந்தைக்கு சொல்லத் தெரியாது. கீமோவால் தட்டணுக்களும் குறைந்திருக்கும் என்பதால், ரத்தப்போக்கைத் தடுக்க முதலில் அவற்றை ஏற்ற வேண்டியிருக்கும். அதிகமா வெட்டினால் வளரும் முகமும், முளைக்காத பற்களும் பாதிக்கப்படலாம்.

எந்த மருந்து?

கருப்பு பூஞ்சைக்கு லிப்போசோமல் ஆம்போடெரிசின் பி. வழக்கமா தினமும் கிலோவுக்கு 5 மில்லிகிராம் வீதம் தொடங்குவார்கள். சிறுநீரகத்தையும் பொட்டாசியம் அளவையும் கண்காணித்தே ஆகணும். ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சையைக் கட்டுப்படுத்தும் வோரிகோனசோல், கருப்பு பூஞ்சையிடம் வேலை செய்யாது. எனவே சதைத் துணுக்கை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது அவசியம். அதற்காக மருந்தைத் தள்ளிப்போடவும் மாட்டார்கள்.

உண்மையான தர்மசங்கடம் கீமோவில்தான். நிறுத்தினால் புற்றுநோய் தலைதூக்கும், தொடர்ந்தால் பூஞ்சை பரவும். இதற்கு பொது விதி கிடையாது. அந்தந்தக் குழந்தையின் நிலையைப் பார்த்து புற்றுநோய், காது மூக்கு தொண்டை, தொற்றுநோய் டாக்டர்கள் சேர்ந்துதான் முடிவெடுப்பார்கள்.

எப்போது ஓடணும்?

ஆரோக்கியமான குழந்தைக்கு சளி பிடித்தால் இதை நினைத்து பதற வேண்டாம். ஆனா கீமோ எடுக்கும் குழந்தைக்கு காய்ச்சலுடன் ஒரு பக்கம் முகமோ கண்ணோ வீங்கினால், மூக்கிலோ மேல் அண்ணத்திலோ கருப்பா தெரிந்தால், சொட்டு மருந்து போட்டுப் பார்க்காமல் அன்றைக்கே சிகிச்சை தரும் மருத்துவமனைக்கு போங்க. ராத்திரி என்றாலும்.