மொட்டை மாடி கெமிஸ்ட்ரி

பாஸ், அவிநாசி வெயில்ல உங்க காலேஜ் ஜெர்ஸி மாடிக் கொடியில காயுதா? அது பாலியஸ்டர்னா, கொஞ்சம் இதைப் படிங்க.

பாலியஸ்டர் இழை நெடுக பென்சீன் வளையங்கள். பிளஸ் டூவுல அறுகோணம் வரைஞ்சு மார்க் வாங்கினோமே, அதேதான்! காமா கதிர் மோதினா, அந்த எனர்ஜியில பெரும்பங்கை எலெக்ட்ரான்களுக்குப் பிரிச்சுக் கொடுத்து, வெப்பமா வெளியே தள்ளிடும். 1974-ல மும்பை டிராம்பேயில தொடங்கின ஐசோமெட் மையத்துல, கோபால்ட்-60 காமா கதிரால மருத்துவப் பொருட்கள்ல இருக்கற கிருமிகளை அழிச்சாங்க. இந்த வேலைக்கு வழக்கமான டோஸ் 25,000 கிரே. மனுஷ உடம்புக்கு 5 கிரேயே எமன்! அந்த டோஸ்ல, வளையம் இல்லாத சாதா பாலிபுரோப்பிலீன் நாளடைவுல நொறுங்கும். பாலியஸ்டர் கம்முனு இருக்கும்.

அப்போ வெயில் எம்மாத்திரம்? அங்கதான் ட்விஸ்ட். வெயிலோட புற ஊதாவுல 315 நானோமீட்டருக்குக் கீழ இருக்கறதை அதே வளையம் உறிஞ்சிக்கும். பக்கத்துல இருக்கற எஸ்டர் பிணைப்பு அறுந்து, இழை பலம் இழக்கும். ஜன்னல் கண்ணாடி அந்தக் கதிர்ல பெரும்பகுதியைத் தடுத்துடும். அதான் வீட்டுக்குள்ள பாலியஸ்டர் திரைச்சீலை வருஷக்கணக்கா தாங்குது.

பனியன்னா காட்டன்தான்னு இருந்த நம்ம பெல்ட், இப்போ பாலியஸ்டர் பக்கமும் திரும்புது. நாளைக்கு பையர், 'வெயில்ல எத்தனை நாள் தாங்கும்?'னு கேட்டா, பதில் சொல்லப்போறது நீங்கதான். ஒருநாள் வெயில்ல ஒண்ணும் ஆகாது. ஆனா, ஒவ்வொரு நாளும் கணக்குல ஏறும்; அறுந்தது ஒட்டாது.

இப்போ போய் ஜெர்ஸியை நிழலுக்கு மாத்துங்க!