ஹெச்.எம். நாற்காலி காலியா? ஆசிரியர்களின் மனநிறைவு குறைவது ஏன்?

ஹெச்.எம். சரியா அமைஞ்சா எந்த ஊர்லயும் வேலை பார்த்துடலாம் என்று ஆசிரியர்கள் சொல்வதுண்டு. விழுப்புரம் மாவட்டம் கண்டாச்சிபுரம் பகுதி ஒன்றியப் பள்ளிகளுக்கும் இது பொருந்தும். ஆனால், சரியான ஹெச்.எம். அமைவது யார் கையில் இருக்கிறது?

ஹெச்.எம். என்ன செய்ய முடியும்?

சம்பளம், நியமனம், இடமாறுதல் எதையும் அவர் முடிவு செய்வதில்லை. அவரிடம் இருப்பவை சின்ன விஷயங்கள்தான். ஆண்டுக்கு 12 நாள் தற்செயல் விடுப்பை முகம் சுளிக்காமல் தருவது, பாடவேளையை நியாயமாகப் பிரிப்பது, எமிஸ் பதிவு வேலையை ஒருவர் தலையிலேயே கட்டாமல் இருப்பது, அதிகாரி ஆய்வுக்கு வரும்போது ஆசிரியருக்காகப் பேசுவது. தினமும் வேலைக்குப் போகும் மனநிலையை இவையே தீர்மானிக்கின்றன.

எந்த பாணி எடுபடும்?

1978-ல் ஜேம்ஸ் மெக்ரிகர் பர்ன்ஸ் என்ற அமெரிக்க அறிஞர் தலைமையை இரண்டாகப் பிரித்தார். ஒன்று, 'இதைச் செய், அதைத் தருகிறேன்' என்ற கொடுக்கல் வாங்கல். இன்னொன்று, நோக்கத்தைச் சொல்லி ஊக்கப்படுத்தி அழைத்துச் செல்வது. அரசுப் பள்ளி ஹெச்.எம்.மிடம் கொடுக்க பெரிதாக எதுவும் இல்லை. அதனால் முதல் பாணி இங்கே வெறும் மெமோவாகச் சுருங்கிவிடுகிறது. மிஞ்சுவது இரண்டாவது வழிதான்.

பதவி உயர்வில் என்ன சிக்கல்?

முன்பு தொடக்கப் பள்ளி ஆசிரியர்களின் பதவி உயர்வுக்கு ஒன்றிய அளவிலான முன்னுரிமை பார்க்கப்பட்டது. 2023 டிசம்பர் 21-ல் வந்த அரசாணை 243 அதை மாநில அளவுக்கு மாற்றியது. முகையூர் ஒன்றியத்தில் பல ஆண்டுகள் பணியாற்றியவர், பதவி உயர்வுக்காக தொலைதூர மாவட்டத்துக்குப் போக நேரலாம். இதை எதிர்த்து டிட்டோஜாக் போராடியது.

அடுத்து, 2025 செப்டம்பர் 1-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. ஓய்வுக்கு 5 ஆண்டுக்கு மேல் இருப்பவர்கள் பணியில் தொடர 2 ஆண்டுகளுக்குள் டெட் தேர்ச்சி பெற வேண்டும். 5 ஆண்டுக்குள் ஓய்வு பெறுபவர்கள் தேர்ச்சி இல்லாமலே தொடரலாம்; ஆனால், பதவி உயர்வு கிடையாது. அதாவது, அனுபவம் மிக்க மூத்த ஆசிரியரும் டெட் இல்லாமல் ஹெச்.எம். ஆக முடியாது.

பாதிப்பு யாருக்கு?

பணியிடம் காலியானால் ஒரு ஆசிரியர் 'பொறுப்பு ஹெச்.எம்.' ஆகிறார். தன் வகுப்பையும் நடத்தணும், பதிவேடும் பார்க்கணும், கூட்டத்துக்கும் ஓடணும். நேற்றுவரை சக ஆசிரியராக இருந்தவர் இன்று வேலை ஏவினால் உரசல் வரத்தான் செய்யும். அவர் இல்லாத நேரத்தில் அந்த வகுப்பை யார் பார்ப்பது?

தலைமைப் பண்பு பயிற்சி அவசியம்தான். ஆனால், அதற்கு முன் நாற்காலியில் ஆள் இருக்கணும்.