போதை நீக்க விடுதிகளில் தாய்க்கும் சேய்க்கும் இடம்

போதைப் பழக்கத்துக்கு ஆளான பெண்கள் நம் நாட்டில் சொற்பமே என்று கூறி, அவர்களுக்கெனத் தனிச் சிகிச்சை விடுதிகள் அமைப்பதைத் தள்ளிப் போடுவது வழக்கமாகிவிட்டது. புது டில்லியிலுள்ள அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகம் மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக நடத்தி, 2019-ல் வெளியான கணக்கெடுப்பின்படி, மது அருந்துவோர் ஆண்களில் நூற்றுக்கு 27.3, பெண்களில் 1.6. விகிதம் சிறிதுதான். ஆயினும் ஜனத்தொகையோடு பெருக்கிப் பார்த்தால் அது பல லட்சம் பெண்களைக் குறிக்கும்.

பெண்ணின் உடலில் நீரின் பங்கு ஆணுடலைவிடக் குறைவு. ஆகவே ஒரே அளவு மது அவள் இரத்தத்தில் அதிகச் செறிவை எய்துகிறது. பழக்கம் அடிமைத்தனமாக முற்றுவதும் பெண்களிடம் பெரும்பாலும் விரைவாகவே நிகழ்கிறது. அபின் வகைகளுக்கு அடிமையான கர்ப்பிணிக்கு அவற்றைத் திடீரென நிறுத்துவது தகாது. மெதடோன் அல்லது புப்ரெநார்பின் என்னும் மாற்று மருந்தைத் தொடர்ந்து அளிப்பதே மேல் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2014-ல் வெளியிட்ட நெறிமுறைகள் கூறுகின்றன. ஆண்கள் வார்டின் ஒரு மூலையில் திரை கட்டி, நான்கு கட்டில்களைப் போட்டு, பெண்கள் பிரிவு என்று பெயரிட்டுவிட்டால் இத்தேவைகள் நிறைவேறிவிடா.

எனினும் பெருந்தடை மருந்தைப் பற்றியதன்று, குழந்தையைப் பற்றியது. உடலின் நடுக்கமும் வலியும் பெரும்பாலும் இரண்டொரு வாரத்தில் தணியும். வேட்கை அடங்க மாதங்கள் ஆகும். அதுவரை குழந்தையை யாரிடம் விடுவது? கணவன் சிகிச்சைக்குச் சென்றால் மனைவி வீட்டைக் காக்கிறாள். அவளே செல்ல நேர்ந்தால் காப்பவர் யார்? இதற்கு விடை காணாத தாய் விடுதியின் வாயிலை மிதிப்பதே இல்லை.

2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மதுவாலும் போதைப் பொருளாலும் நேரும் மனநிலைக் கேடுகளையும் மனநோய் என்பதில் அடக்கியுள்ளது. சிகிச்சை பெறும் தாயிடமிருந்து 3 வயதுக்குட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகப் பிரித்தலாகாது என்பது அதன் 21-ம் பிரிவு. தாயால் குழந்தைக்குத் தீங்கு நேருமென மனநல மருத்துவர் கருதிப் பிரித்தாலும், அம்முடிவை 15 நாட்களுக்கு ஒரு முறை மறுபரிசீலனை செய்தல் வேண்டும். நல்ல விதிதான். ஆனால் தொட்டிலும் பாலும் ஆயாவும் இல்லாத விடுதியில் அது ஏட்டளவிலேயே நிற்கும். மேலும், நான்கு வயதுப் பிள்ளைக்கு அவ்விதி பொருந்தாது.

ஆகவே பெண்கள் விடுதிக்கு மானியம் வழங்கும்போது கட்டில்களை மட்டுமன்றித் தொட்டில்களையும் எண்ணி வழங்குதல் வேண்டும். பிரசவ வைத்தியரின் வருகை, பெண் காவலர், அண்டைப் பள்ளியில் பிள்ளைகளுக்கு இடம் ஆகியவையும் திட்ட மதிப்பீட்டின் முதற் பக்கத்திலேயே இடம்பெறத் தக்கவை.