இரண்டு தராசுகள்

அமெரிக்கக் கூட்டரசுச் சட்டத்தில் பாலியல் குற்றத்துக்குத் தண்டனை நிறுக்க இரண்டு தராசுகள். கூட்டரசு நீதிமன்றத்தில் ஓர் அட்டவணை: குற்றத்தின் கடுமைக்கு 43 படிகள், பழைய குற்றப் பதிவுக்கு 6 பிரிவுகள், இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் சிறைமாதங்கள். 2005-க்குப் பிறகு அது நீதிபதிக்கு வெறும் யோசனைதான். ஆனால் சட்டம் போட்ட கீழ்வரம்பைப் பொதுவாக அவரும் தாண்டி இறங்க முடியாது. சிறார் ஆபாசப் படத்தைப் 'பெற்றால்' குறைந்தது 5 ஆண்டு. 'வைத்திருந்தால்' முதல் முறைக்குக் கீழ்வரம்பே இல்லை. பெறாமல் எப்படி வைத்திருப்பது? கணினி பயன்படுத்தியதற்கு 2 படி கூடுதலாம். இந்தக் காலத்தில் வேறு எதில் வருமாம்? இரண்டாவது தராசான ராணுவ நீதிமன்றத்தின் கதை இன்னும் விசித்திரம். 2013-இல், இத்தாலியின் அவியானோ விமானத்தள வழக்கில், சக அதிகாரிகளே குற்றவாளி என்று தீர்த்தவரை ஒரு ஜெனரல் தன் கையெழுத்தால் விடுவித்தார். எழுந்த கோபத்தில் அந்த அதிகாரம் பறிபோனது. வன்புணர்வுக்குப் படையிலிருந்து அவமதிப்பு நீக்கமும் கட்டாயமானது. 2023 டிசம்பர் 27-க்குப் பிந்திய குற்றங்களுக்கு, மரண தண்டனை வழக்கு தவிர, நீதிபதிதான் தண்டனை விதிக்கிறார். முன்பு படையினர் குழுவே விதிக்க முடிந்தது. அந்தக் குழு விதித்தபோது, எத்தனை குற்றம் நிரூபணமானாலும் மொத்தமாக ஒரே எண்தான் வந்தது. தனக்கு இழைத்த கொடுமைக்கு அதில் எத்தனை ஆண்டு என்று பாதிக்கப்பட்ட பெண்ணுக்கு அப்போது யாரும் பிரித்துச் சொன்னதில்லை.