தொகுதி இழந்த வாக்குகள்: மன்னார்த் தேர்தல் வரலாறு குறித்து ஒரு மறுப்பு

மன்னார் வாக்காளர் மதம் பார்த்தே வாக்களிப்பர் என்பது இன்று ஏறத்தாழ ஒரு முதுமொழியாகிவிட்டது. கத்தோலிக்கர் இன்ன கட்சிக்கு, முஸ்லிம்கள் இன்ன கட்சிக்கு, இந்துக்கள் இன்ன கட்சிக்கு என்று தேர்தலுக்கு முன்னரே கணக்கிட்டு வைத்துவிடுவோர் பலர். கட்சிக் காரியாலயங்களில் மட்டுமன்றி, அரசியல் ஆய்வு என்னும் பெயரில் எழுதப்படுவனவற்றிலும் இக்கணக்கு ஆராயப்படாத உண்மையாக இடம்பெறுகின்றது. வரலாற்றைச் சற்று ஊன்றி நோக்கின், இது மன்னாரின் பழக்கமன்று என்பதும், மன்னார் என்ற தனித்தொகுதி ஒழிக்கப்பட்ட பின்னர் மன்னார் மீது ஏற்றப்பட்ட ஒன்று என்பதும் புலனாகும்.

மன்னார் எந்நாளும் யாழ்ப்பாணத்தின் நிழலாக இருந்ததில்லை. டொனமூர் அரசியற்றிட்டத்தின் கீழ் 1931இல் நடைபெற்ற முதலாவது சர்வசன வாக்குரிமைத் தேர்தலை யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் பகிஷ்கரித்தது. யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளில் எவரும் நியமனப்பத்திரம் தாக்கல் செய்யவில்லை. மன்னார்–முல்லைத்தீவுத் தொகுதி அப்பகிஷ்கரிப்பிற் சேராது தன் உறுப்பினரைத் தெரிவு செய்தது. அது சரியோ பிழையோ என்பது வேறு விவாதம். சொந்தப் புத்தியில் எடுத்த முடிவு என்பதே ஈண்டு வேண்டப்படுவது.

1947இல் மன்னார் தனித்தொகுதியாயிற்று. கத்தோலிக்கரும் முஸ்லிம்களும் பெருந்தொகையினராய் வாழ்ந்த அத்தொகுதி, சுயேச்சையாக நின்ற சி. சிற்றம்பலம் என்னும் யாழ்ப்பாணத்து இந்துவைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. அவர் டி. எஸ். சேனநாயக்காவின் அமைச்சரவையில் தபால், தந்தி அமைச்சரானார். 1956இல் தமிழரசுக் கட்சியின் வி. ஏ. அழகக்கோன், கத்தோலிக்கர், வெற்றி பெற்றார். 1960இன் இரு தேர்தல்களிலும், 1965இலும், 1970இலும் அவரே வென்றார். அவர் மறைவையடுத்து 1974இல் நடந்த இடைத்தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சியின் ரஹீம் தெரிவானார். 1977இல் வடமாகாணத்தின் பதினான்கு தொகுதிகளையும் தமிழர் விடுதலைக் கூட்டணி கைப்பற்றியபோது மன்னாரில் பி. எஸ். சூசைதாசன் நெருக்கமான போட்டியின் பின் வென்றார். முப்பது ஆண்டுகளில் இந்து, கத்தோலிக்கர், முஸ்லிம் என மூவகையினரும் ஒரே ஆசனத்தில் அமர்ந்தனர். இலங்கையில் இவ்வாறு சொல்லத்தக்க தொகுதிகள் எத்தனை உள?

1974இல் முஸ்லிம்கள் முஸ்லிமுக்கு வாக்களித்தனர், அவ்வளவே என்று மறுப்போர் எண்களைப் பார்த்தல் வேண்டும். 1981ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி மன்னார் மாவட்டத்து மக்களில் முஸ்லிம்கள் நான்கிலொரு பங்கிற்குச் சற்று மேற்பட்டோரே. பிரசாவுரிமைச் சட்டங்களால் வாக்கிழந்த மலையகத் தமிழரை இடாப்பினின்றும் கழித்துவிட்டாலும் அப்பங்கு மூன்றிலொன்றைத் தாண்டாது. (தலைமன்னாரில் வந்திறங்கித் தோட்டங்களுக்கு நடந்தவர்களின் சந்ததியார் அம்மாவட்டத்திலேயே வாக்கற்றோராய் வாழ்ந்தமை தனியே எழுதப்பட வேண்டிய கதை.) ஆகவே தமிழ் வாக்காளரிற் கணிசமானோர் ஒரு முஸ்லிம் வேட்பாளரை ஏற்றனர் என்று கொள்வதே பொருந்தும். அழகக்கோன் ஐந்து முறை வென்றமையும் கத்தோலிக்கர் வாக்கால் மட்டும் இயன்றதன்று. ஓர் ஆசனமே உள்ள தொகுதியில் எவரும் தம் கோயில் வாசலில் மட்டும் நின்று வெல்ல இயலாது. மடுவுக்கும் எருக்கலம்பிட்டிக்கும் திருக்கேதீச்சரத்துக்கும் சென்றே ஆக வேண்டியிருந்தது.

அந்த ஆசனத்துக்கு நேர்ந்த கதியை எடுத்துரைப்போர் அரியர். 1982 டிசம்பர் 22ஆம் நாள் நடந்த சர்வசன வாக்கெடுப்பு, 1977இல் தெரிவான பாராளுமன்றத்தின் ஆயுளைப் பொதுத் தேர்தலின்றி நீடித்தது. 1983 ஆகஸ்ட் மாதத்து ஆறாவது திருத்தம் பிரிவினைக்கெதிரான சத்தியப்பிரமாணத்தைக் கட்டாயமாக்கியது. கூட்டணி உறுப்பினர் பாராளுமன்றத்தைப் பகிஷ்கரித்துத் தம் ஆசனங்களை இழந்தனர். 1983இன் இறுதி தொடக்கம் 1989 பெப்ரவரி வரை மன்னாரின் இருக்கை வெறுமையாய்க் கிடந்தது. 1984 டிசம்பர் 4ஆம் நாள் மன்னாரில் இராணுவத்தினராற் பொதுமக்கள் பலர் கொல்லப்பட்டபோதும், 1985 ஜனவரியில் வங்காலைப் பங்குத்தந்தை மேரி பஸ்ரியன் சுட்டுக்கொல்லப்பட்டபோதும், அச்சபையில் எழுந்து கேள்வி கேட்க மன்னாருக்கென ஓர் உறுப்பினர் இல்லை. மக்கள் தாமே வாக்களிக்க மறுத்ததனால் நேர்ந்த வெறுமையன்று இது. அளித்த வாக்கைச் சட்டம் செல்லாததாக்கியதன் விளைவு.

1989இல் வாக்குரிமை திரும்பி வந்தபோது தொகுதி திரும்பவில்லை. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் விகிதாசார முறையில் இருபத்தைந்து நிர்வாக மாவட்டங்கள் இருபத்திரண்டு தேர்தல் மாவட்டங்களாக்கப்பட்டன. மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றும் வன்னி என ஒன்றாயின. மூன்று மாவட்டங்களிலும் சிதறிக் கிடக்கும் தன் சமூகத்தின் வாக்குகளைத் திரட்டிக்கொள்பவன், அயல்வீட்டுக்காரனின் வாக்கைக் கேளாமலே வெல்லலாம் என்னும் நிலை இவ்வாறு பிறந்தது. வன்னியின் உறுப்பினருள் மன்னாரைச் சேர்ந்தோர் இருந்துள்ளனர். செல்வம் அடைக்கலநாதனும் ரிஷாட் பதியுதீனும் அறியப்பட்டவர்களே. ஆயின் அவர்களுள் எவரும் மன்னார் முழுவதற்கும் விடை கூறவேண்டிய நிலையில் வைக்கப்படவில்லை. 2024 பொதுத் தேர்தலில் தேசிய மக்கள் சக்தி ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு வாக்குகளுடன் வன்னியில் முதலிடம் பெற்றது. ஆறு ஆசனங்கள் ஐந்து கட்சிகளுக்குப் பங்கிடப்பட்டன. மதக்கணக்கைப் பயிற்றுவித்தது இம்முறையே. பழியோ வாக்காளர் மேல்.

மற்றொரு காரணம் இதனினும் கொடியது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினர். ஏறத்தாழ 75,000 பேர். அவர்களுள் மிகப்பெருந்தொகையினர் மன்னாரைச் சேர்ந்தோர். படகேறிக் கற்பிட்டியிற் கரைசேர்ந்த அவர்கள் புத்தளத்து முகாம்களிலிருந்து வன்னிக்கு வாக்களித்தனர். ஒரே ஊர்ப் பாடசாலையில் வரிசையில் நின்று வாக்களித்தோர் இருவேறு மாகாணங்களில் நின்று வாக்களிக்கலாயினர். அதன் பின்னும் 'மன்னார் பிரிந்து வாக்களிக்கின்றது' என்று வியப்போர் எதனைக் கண்டு வியக்கின்றனரோ!

புத்தளத்தில் வாழ்வோருக்கு மன்னாரில் வாக்கு எதற்கு என்று தமிழ்த் தேசியம் பேசுவோருட் சிலரே கேட்கின்றனர். துரத்தப்பட்டவன் தன் ஊரை இழப்பதில்லை என்னும் நியாயத்தைத் தம் மக்களுக்காக உலகெங்கும் எடுத்துரைப்போர் இதனைக் கேட்பது நாணத்தக்கது. 2001 தேர்தலில் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியிலிருந்து வந்த தமிழ் வாக்காளரை இராணுவம் சோதனைச் சாவடியிற் தடுத்தபோது, அது அடிப்படை உரிமை மீறலென 2003இல் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019 நவம்பர் 16ஆம் நாள் புத்தளத்திலிருந்து மன்னாருக்கு வாக்களிக்கச் சென்ற முஸ்லிம்களின் பஸ் வண்டிகள் மீது தந்திரிமலைப் பகுதியிற் துப்பாக்கிச்சூடு நடத்தப்பட்டது. முன்னதைக் கண்டிப்போர் பின்னதைக் கண்டியாதிருத்தல் எவ்வாறு?

பழைய தனியாசன முறையே மீள வேண்டுமென்பது இதன் கருத்தன்று. அம்முறையில், தெரிந்தவரை, முஸ்லிம்களுக்குக் கிட்டியது 1974 முதல் 1977 வரையான மூன்றாண்டுகளே என்னும் குறை மறுக்கற்பாலதன்று. ஆயின் இடைவழி ஒன்று ஏற்கெனவே நடைமுறையிற் கண்டதாகும். 2013 செப்டெம்பரில் நடந்த வடமாகாண சபைத் தேர்தலில் மன்னார் தனி மாவட்டமாக ஐந்து உறுப்பினரைத் தெரிவு செய்தது: தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு மூன்று, ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்புக்கு ஒன்று, முஸ்லிம் காங்கிரசுக்கு ஒன்று. மன்னார் ஓரலகாகவும் நின்றது, சிறுபான்மையும் இடம்பெற்றது. பாராளுமன்றத்தில் மன்னார் தனித்து நிற்பின் இரண்டு ஆசனமளவே கிட்டும். அவ்விரண்டும் மன்னாருக்கே விடைகூறும். அந்த மாகாண சபையின் ஆயுட்காலம் 2018 ஒக்டோபரில் முடிவுற்றது. அதன் பின்னர் ஆண்டுகள் பல கழிந்தும் தேர்தல் நடத்தப்படவில்லை. எல்லை நிர்ணயம் முடியவில்லை என்பதே அதற்குக் கூறப்பட்ட காரணம்.