பனியன் வேஸ்ட்டா, பேப்பர் ரோலா?

விவசாயி வீட்டு டிராக்டர் கொட்டகைக்குள்ள போய்ப் பாருங்க. ஸ்பேனர் பெட்டி, கிரீஸ் டப்பா, பக்கத்துலயே ஒரு சாக்குல பனியன் வேஸ்ட் இருக்கும். திருப்பூர் கம்பெனிகள்ல டீசர்ட்டு, ஜட்டி வெட்டினது போக மிஞ்சற துண்டுத் துணிதான் அது. வெள்ளை தனியா, கலர் தனியா பிரிச்சு கிலோ கணக்குல விக்கிறாங்க. லாரி பட்டறை, லேத் பட்டறை, பிரஸ் எல்லாத்துலயும் கை துடைக்க, மிஷின் துடைக்க இதுதான்.

இப்ப நகரத்துல கார், பைக் வச்சிருக்கிற நண்பர்கள் நீலக் கலர் பேப்பர் ரோல் வாங்கறாங்க. வெளிநாட்டு வீடியோவுல மெக்கானிக் சர்ருனு கிழிச்சுத் துடைச்சுட்டுத் தூக்கிப் போடறதைப் பார்த்து வந்த பழக்கம். "துணி அழுக்குங்க, பேப்பர்தான் சுத்தம்"ங்கறாங்க.

பேப்பர்ல நல்லதே இல்லைன்னு சொல்ல மாட்டேன். பட்டறைக்குன்னே செய்யற பேப்பர் சமையலறை டிஷ்யூ மாதிரி நனைஞ்சதும் கூழாகாது. சுத்துற பெல்ட்டுல மாட்டினா சட்டுனு கிழிஞ்சுடும்; துணி மாட்டினா கையையும் சேர்த்து இழுக்கும். அதனாலதான் டிராக்டர் பிடிஓ ஷாஃப்ட் ஓடறப்ப இடுப்புல துணி சொருகிட்டுப் பக்கத்துல போகாதேன்னு பசங்ககிட்டச் சொல்றது. கண்ணாடி துடைக்கவும் பேப்பர் நல்லாத்தான் இருக்கு.

ஆனா கிரீஸ், ஆயில், சேறுன்னு வந்துட்டா பருத்தித் துணிக்கு ஈடு இல்லீங்க. ஒரு கைப்பிடி துணி குடிக்கிற ஆயிலுக்குப் பேப்பரை உருவிட்டே இருக்கணும். இத்தனைக்கும் பேப்பர் துடைக்கறதுக்குன்னே செஞ்சது. பனியன் வேஸ்ட்டோ எப்படியும் குப்பைக்குப் போயிருக்க வேண்டியது.

வாங்கறப்ப பார்த்து வாங்கணும், அவ்வளவுதான். ஒரு சொட்டுத் தண்ணி விடுங்க. உள்ள இழுத்தா பருத்தி. முத்து மாதிரி மேல நின்னா பெரும்பாலும் பாலியஸ்டர் கலப்பு. எலாஸ்டிக், பட்டன், ஜிப் இருந்தா பொறுக்கிப் போடுங்க, கார் பெயிண்ட்டுல கோடு விழும். டிப் ஸ்டிக், டீசல் டேங்க் மூடி, ஹைட்ராலிக் கப்ளர் இதுக்கெல்லாம் நூல் பிரியாத வெள்ளைத் துண்டா எடுங்க. பிசிறு உள்ள போனா ஃபில்டரை அடைக்கும்.

சரி, துணியோ பேப்பரோ, துடைச்ச பிறகு அது எங்கே போகுது? எதால துடைக்கிறதுங்கறதை விட எனக்கு இதுதான் பெரிய கேள்வி.

நகரத்துல குப்பைத் தொட்டியில போட்டதும் உங்க கண்ணை விட்டுப் போயிடுது. எங்க கண்ணுக்கு வந்து சேருது. பைபாஸ் ஓரம், ஓடைக்கரைன்னு ராத்திரியில மூட்டை மூட்டையாக் கொட்டிட்டுப் போறாங்க. மழை வந்தா ஆயில் ஓடைக்கு இறங்குது, அங்கிருந்து கிணத்துக்கு எவ்வளவு தூரம்? மேய்ச்சலுக்குப் போற மாடு துணியையும் மெல்லும். உப்புச் சத்து குறைஞ்ச மாடு இன்னும் தேடி மெல்லும். வயித்தைக் கிழிச்சுப் பிளாஸ்டிக் பையோட துணியும் கயிறும் டாக்டருங்க வெளிய எடுக்கறது எங்க பக்கம் புதுசு இல்லை. எடுக்கிறதுக்குள்ள போய்ச் சேர்ற மாடும் உண்டு. 2016-ல வந்த அபாயக் கழிவு விதிகள்ல எண்ணெய் பட்ட பஞ்சுத் துணியும் பட்டியல்ல இருக்கு. அந்த விதி தொழிற்சாலைக்கும் பட்டறைக்கும்தான். ஆனா வீட்டு பார்க்கிங்ல துடைச்ச துணியில இருக்கறதும் அதே ஆயில்தானே.

இன்னொண்ணு நெருப்பு. டீசல், பெட்ரோல் பட்ட துணிக்குப் பொறி பட்டாத்தான் பயம். தேக்குக் கதவுக்குத் தேய்க்கிற லின்சீடு ஆயில், அதாவது ஆளிவிதை எண்ணெய், அப்படி இல்லை. அது காத்துல காயறப்பவே சூடாகும். துணியைக் கசக்கிக் குவிச்சு வச்சா சூடு வெளியேற வழியில்லாம தானாவே பத்திக்கும். 1991 பிப்ரவரியில அமெரிக்காவுல ஃபிலடெல்ஃபியாவுல ஒரு 38 மாடிக் கட்டடத்துல 22-வது மாடியில தீப்பிடிச்சதுக்கு, மர வேலைக்குப் பயன்படுத்திட்டு விட்டுப்போன லின்சீடு துணிதான் காரணம். தீயணைக்கப் போனவங்க 3 பேர் செத்துப் போனாங்க. பேப்பரால துடைச்சிருந்தாலும் இதே கதைதான். அந்த எண்ணெய் பட்டதை வெளியில ஒவ்வொண்ணா விரிச்சுக் காயப் போடுங்க, இல்லேன்னா தண்ணி ஊத்தின தகர டப்பாவுல போட்டு மூடுங்க.

நான் சொல்றது பெரிய வேலை இல்லீங்க. ஒரே துணியை மூணு தடவை ஓட்டலாம்: முதல்ல டிப் ஸ்டிக், அடுத்து கை, கடைசியா தரையில சிந்தின ஆயில். முடிஞ்சதும் மூடி போட்ட தகர டப்பாவுல சேர்த்து வைங்க. அடுத்த சர்வீஸுக்கு வண்டி விடறப்ப, பழைய ஆயிலை முறையா எடுத்துக்கொடுக்கிற பட்டறையாப் பார்த்து அந்தத் துணியையும் கொடுங்க. வாங்க மாட்டேன்னா, "உங்க துணி எங்கே போகுது?"ன்னு கேளுங்க. நாலு வாடிக்கையாளர் கேட்டா அஞ்சாவது ஆளுக்குப் பதில் தயாரா இருக்கும்.

பேப்பர் ரோல் வாங்கறவங்க வாங்குங்க. "தூக்கிப் போட்டுடலாம்"னு அட்டையில போட்டிருக்கிறதை மட்டும் அப்படியே நம்பாதீங்க. நீங்க தூக்கிப் போடற இடத்துல எங்க மாடு மேயுது.