போமற் அடிக்க முதல்

வன்னியில் ஒரு வீட்டுக் கொம்பியூட்டரில நெற் நின்றுவிட்டால் அதற்குப் பெரும்பாலும் ஒரே வைத்தியம்தான் நடக்கிறது. ரவுனுக்குக் கொண்டுபோய்க் கடையில் குடுப்போம். "வைரஸ் அடிச்சிட்டுது, போமற் பண்ணவேணும்" என்று சொல்லுவினம். "சரி அண்ணை" என்போம். அடுத்தநாள் புதுசு மாதிரி ஒரு கொம்பியூட்டர் வீட்டுக்கு வரும். நெற் வேலை செய்யும். டெஸ்க்டொப்பில் கிடந்தது ஒன்றும் இருக்காது.

இந்தப் பழக்கத்துக்கு எதிராகத்தான் இதை எழுதுகிறோம். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை இது. எங்கட ஆக்களிட்ட அந்த வீட்டுக்குள்ள என்ன இருக்கு எண்டு யோசிச்சுப் பாத்தால் கொளுத்த மனம் வராது.

2009 மே வரைக்கும் ஊர் ஊராக இடம்பெயர்ந்து வந்த குடும்பங்களில் எத்தனை பேரிடம் பழைய அல்பம் மிஞ்சியது? மிஞ்சாதவர்களுக்கு லண்டனிலோ கனடாவிலோ இருக்கிற மாமி ஒராள் தன்னட்டக் கிடந்த கல்யாணப் படத்தை ஸ்கான் பண்ணி அனுப்பியிருப்பா. அது போனுக்கு வந்து, போனில் இடமில்லாமல் கொம்பியூட்டருக்குப் போயிருக்கும். காணிப் பெர்மிற்றின் பிரதி, பிறப்பத்திரம், காணாமல் ஆக்கப்பட்ட ஒருவருக்காக எழுதின கடிதங்கள் எல்லாம் அதே வழியில் அங்கேதான் கிடக்கும். எங்களைப் போல கலைப்பீடத்தில் படிக்கிறவர்களுக்கு இன்னொன்றும் இருக்கிறது: ஆய்வேட்டுக்காக ஊரில் எடுத்த நேர்காணல் ஒலிப்பதிவுகள். பேட்டி தந்த அம்மம்மா மோசம் போயிட்டா எண்டால் அந்த ஒலிப்பதிவை இன்னொருக்கா எடுக்க ஏலாது.

வின்டோஸில் டெஸ்க்டொப், டொக்கியுமென்ற்ஸ், டவுன்லோட்ஸ் எல்லாம் வழக்கமாக சி டிரைவுக்குள்தான் இருக்கின்றன. போமற்றில் அழிபடுவதும் அந்த சி டிரைவ்தான். "டி டிரைவை நாங்கள் தொடேல்லை" என்று கடையில் சொல்வது உண்மையாக இருக்கலாம், ஆனால் எங்களில் எத்தனை பேர் டி டிரைவில் சேமிக்கிறோம்? தப்பிய கோப்புகளும் சிலவேளை வாசிக்க முடியாதவையாகிவிடும். பாமினி எழுத்துருவில் ரைப் பண்ணினதை அந்த எழுத்துரு இல்லாமல் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பைதான் தெரியும். அதைப் பார்த்து கோப்பே பழுதாகிவிட்டது என்று அழித்துவிடுகிற ஆக்களும் உண்டு. பாமினியைத் திரும்ப நிறுவினால் சரி, அதைச் சொல்லத்தான் ஆளில்லை.

சரி, வைரஸ் வந்தால் ஏன் நெற் போகிறது? பலர் நினைப்பதுபோல வைரஸ் நெற்றை "தின்னுவது" இல்லை. பல வைரஸ்களுக்கு எங்கட நெற் வேணும். அது எங்களுக்கும் வெளியுலகத்துக்கும் நடுவில் போய்க் குந்திக்கொண்டு, போகிற வருகிற எல்லாவற்றையும் தனக்குள்ளால் எடுத்து, விளம்பரம் செருகியோ பாஸ்வேட் களவெடுத்தோ பிழைக்கிறது. அதற்காக எங்கள் இயந்திரத்தின் புறொக்சி, டிஎன்எஸ் போன்ற அமைப்புகளை மாற்றிவிடும். பிறகு அன்ரிவைரஸ் வந்து அந்த நடுவாளைப் பிடித்து அழிக்கும். மாற்றி வைத்த விலாசம் மட்டும் அப்படியே கிடக்கும். இடிந்த வீட்டுக்கே கடிதம் போய்க்கொண்டிருக்கிற நிலை. அதாவது நெற் நிற்பது பல வேளைகளில் வைரஸ் இருப்பதால் அல்ல, போனதால்.

இதற்கு உலகமே பார்த்த ஒரு உதாரணம் இருக்கிறது. டிஎன்எஸ்சேஞ்சர் என்ற தீநிரல் 100 இற்கு மேற்பட்ட நாடுகளில் ஏறக்குறைய 40 லட்சம் கொம்பியூட்டர்களில் ஏறியிருந்தது. டிஎன்எஸ் என்பது இணையத்தின் விலாசப் புத்தகம். கூகிள் என்று அடித்தால் அது எந்த இலக்கத்தில் இருக்கிறது என்று சொல்வது அதுதான். இந்தத் தீநிரல் அந்தப் புத்தகத்துக்குப் பதிலாகத் திருடர்களின் புத்தகத்தைக் கையில் தந்தது. 2011 நவம்பரில் அமெரிக்காவின் எப்பிஐ விசாரணையில் எஸ்தோனியாவைச் சேர்ந்த ஆறு பேர் மேல் வழக்கு வந்தது, சேர்வர்களும் பிடிபட்டன. அப்போதுதான் சிக்கல் விளங்கியது: அந்தச் சேர்வர்களை நிறுத்தினால் பாதிக்கப்பட்ட அத்தனை வீடுகளிலும் மறுநிமிடம் நெற் இல்லை. எனவே நீதிமன்ற அனுமதியோடு அதே இலக்கங்களில் சுத்தமான சேர்வர்களை வைத்து, சனத்துக்குத் திருத்திக்கொள்ள அவகாசம் கொடுத்தார்கள். மார்ச்சில் முடியவேண்டிய அவகாசத்தை நீடித்து, 2012 ஜூலை 9 இல் நிறுத்தினார்கள். அன்றைக்கும் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் திருத்தப்படாமல் இருந்தன.

(அந்த ஜூலையில் செட்டிகுளம் மெனிக் பாமில் இன்னும் எங்கட சனம் இருந்தது. முகாம் மூடப்பட்டது செப்டெம்பரில். உலகம் "நெற் போகப்போகுது" என்று பதறின அந்த நாளில் இங்கே பதறுவதற்கு வேற காரணங்கள் இருந்தன.)

அந்தக் கதையில் எங்களுக்குப் பிடித்தது கைது அல்ல, அந்த அவகாசம். ஒரு அமைப்பைத் திருத்தினால் இணைப்பு நிலைக்கும் என்று தெரிந்தவர்கள் அதற்காக நீதிமன்றம் வரை போய் மாதக்கணக்கில் சேர்வர் நடத்தினார்கள். இங்கே எங்களுக்கு அரைமணித்தியாலம் தேடிப்பார்க்கப் பொறுமை இல்லை.

அந்த அரைமணித்தியாலத்தில் என்ன பார்க்கலாம்? முதலில் அதே வைபையில் போனை இணைத்துப் பாருங்கள். போனில் நெற் வந்தால் கம்பனிக்குக் கோல் எடுத்துச் சண்டை பிடிக்கத் தேவையில்லை, பிழை கொம்பியூட்டருக்குள்தான். போனிலும் வராவிட்டால் அல்லது போனிலும் விசர் விளம்பரங்கள் வந்தால் ரவுட்டரைச் சந்தேகிக்க வேண்டும். ரவுட்டரின் பாஸ்வேட் வாங்கின நாளில் இருந்ததுபோலவே 'அட்மின்' என்று கிடந்தால் அதன் டிஎன்எஸ்ஸையும் மாற்றலாம். டிஎன்எஸ்சேஞ்சர் அதையும் செய்தது.

பிழை கொம்பியூட்டரில் என்றால் முதலில் சுத்தம், பிறகு திருத்தம். மாறிச் செய்தால் வைரஸ் திரும்ப மாற்றிவிடும். வின்டோஸ் 10, 11 இல் டிபென்டருக்குள் ஓப்லைன் ஸ்கான் என்று ஒன்று இருக்கிறது. நெற் இல்லாமலே ஓடும். அது முடிந்தபிறகு செற்றிங்ஸில் நெற்வேர்க் பகுதிக்குள் போய் புறொக்சியைப் பாருங்கள். நீங்கள் போடாத ஒரு புறொக்சி, அதிலும் 127.0.0.1 என்ற இலக்கத்தோடு, ஓனாகி இருந்தால் அதுதான் நாங்கள் சொன்ன இடிந்த வீடு. அந்த இலக்கத்தின் பொருள் 'இந்தக் கொம்பியூட்டரேதான்'. கொம்பியூட்டர் நெற்றைத் தன்னிடமே கேட்டுக்கொண்டிருக்கிறது. ஓப் பண்ணிவிடுங்கள். வீடுகளில் முதலில் பார்க்கவேண்டிய இடம் இதுதான் என்பது எங்கள் அபிப்பிராயம்.

அதில் ஒன்றும் இல்லையென்றால் கறுப்புக் கொமாண்ட் பெட்டியைத் திறந்து 8.8.8.8 என்ற இலக்கத்துக்குப் பிங் அடியுங்கள். பதில் வருகிறது, ஆனால் பிறவுசரில் ஒரு தளமும் திறக்கவில்லை என்றால் பாதை சரி, விலாசப் புத்தகம் பிழை. டிஎன்எஸ்ஸை ஓட்டோமற்றிக்குக்கு மாற்றவேண்டும். எல்லாம் திறக்கிறது, அன்ரிவைரஸ் தளங்கள் மட்டும் திறக்கவில்லை என்றால் ஹோஸ்ற்ஸ் என்ற சின்னக் கோப்பில் யாரோ கை வைத்திருக்கலாம். ஒன்றும் சரிவராவிட்டால் வின்டோஸிலேயே நெற்வேர்க் ரீசெற் என்ற பட்டன் இருக்கிறது. வைபை பாஸ்வேட்டைத் திரும்ப அடிக்கவேண்டி வரும், அவ்வளவுதான். படங்களை அது தொடாது.

விலாசப் புத்தகத்தில் கை வைப்பது வீடுகளுக்கு மட்டும் நடப்பதல்ல. 2021 பெப்ரவரி 6 இல் கூகிளின் இலங்கை முகவரி உட்பட சில .எல்கே முகவரிகளுக்குப் போனவர்கள் மலையகத் தொழிலாளர் பிரச்சினை உள்ளிட்ட சமூகப் பிரச்சினைகளைப் பேசுகிற வேறொரு பக்கத்தில் போய் விழுந்தார்கள். மாறியிருந்தது விலாசப் பதிவுதான்.

கடைக்காரரை மட்டும் குற்றம் சொல்ல மாட்டோம். போமற்றுக்கு எல்லாருக்கும் தெரிந்த ஒரு விலை இருக்கிறது. ஒரு மணித்தியாலம் தேடி ஒரே ஒரு புறொக்சிப் பட்டனை ஓப் பண்ணினவரிடம் "உதுக்கு ஏன் இவ்வளவு காசு?" என்று கேட்பது நாங்கள்தான். தேடினதுக்குக் காசு குடுக்காத ஊரில் எவர் தேடுவார்? ஆனால் ஒன்றில் விட்டுக்கொடுக்க ஏலாது. போமற் அடித்தபிறகு திரும்பவும் அதே களவு வின்டோஸையும், அதை இயக்க ஒரு அக்டிவேற்றரையும், அந்த அக்டிவேற்றருக்காக டிபென்டரை நிப்பாட்டியும் தருகிற வழக்கம். வந்த கதவையே திறந்துவைத்துப் பூட்டுக்குக் காசு வாங்கிற வேலை அது. மைக்ரோசொப்ட் 2020 ஜனவரியில் கைவிட்ட வின்டோஸ் 7 ஐ இன்னும் போட்டுத் தருகிறவர்களையும் இதோடு சேர்க்கலாம்.

போமற் தேவைப்படுகிற நேரமும் உண்டு. சுத்தம் செய்யச் செய்ய வருகிறது, வின்டோஸே எழும்பவில்லை என்றால் வேறு வழியில்லை. அப்போதும் முதலில் கோப்புகளை வெளியே எடுக்கலாம். லினக்ஸ் மின்ற் போன்ற ஒன்றைப் பென்ட்ரைவில் ஏற்றி அதிலிருந்து கொம்பியூட்டரை எழுப்பினால், வின்டோஸ் தூங்கிக்கொண்டிருக்க, படங்களையும் ஒலிப்பதிவுகளையும் வேறொரு டிஸ்க்குக்குக் கொப்பி பண்ணலாம். கடையில் குடுக்கும்போது "முதல் டெஸ்க்டொப்பை எடுத்துத் தாங்கோ, பிறகு அடியுங்கோ" என்று சொல்லவும், அதற்குத் தனியாகக் காசு குடுக்கவும் எங்களுக்கு வாய் வரவேணும்.

எங்கட ஊர்ச் சனசமூக நிலையங்களில் கரம் போர்ட் இருக்கிறது, பேப்பர் வருகிறது. அங்கே இப்படியான ஒரு லினக்ஸ் பென்ட்ரைவையும், மேலே சொன்னவற்றைத் தமிழில் எழுதின ஒரு தாளையும் வைக்கலாம் என்று நினைக்கிறோம். தாளை எழுதித் தர நாங்கள் தயார். பென்ட்ரைவ் எழுத்துத் தடுக்கிற சின்ன ஸ்விச் உள்ளதாக இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் வைரஸ் வீடு வீடாகப் போக நாங்களே பஸ் விட்டதாகிவிடும்.